பந்து ஏன் திரும்பி வந்தது? சிறுவர் அருங்காட்சியகத்தில் பெற்றோரின் வேலை

பாஸ்டன் நகரின் சிறுவர் அருங்காட்சியகத்தில் கோல்ஃப் பந்துகளை உருட்டி விளையாடும் பகுதி ஒன்று இருக்கிறது. மேடும் பள்ளமும் வளைவுமாகப் பல வடிவங்களில் தடங்கள். உச்சியில் வைத்துக் கையை எடுத்தால் பந்து ஓடும். சில நேரம் மேட்டைத் தாண்டும். சில நேரம் தாண்டாமல் திரும்பிவிடும். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கே நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவள் விட்ட பந்து முதல் மேட்டைத் தாண்டி, இரண்டாவது மேட்டில் பாதிவரை ஏறிப் பின்னோக்கி உருள்கிறது. அவள் திரும்பி அம்மாவைப் பார்க்கிறாள்.

அந்தப் பார்வைக்கு அம்மா என்ன செய்யலாம்? பந்தைத் தானே எடுத்து, இன்னும் உயரத்தில் வைத்து, "இப்படித்தான் விடவேண்டும்" என்று செய்து காட்டலாம். "நேரமாகிறது, அடுத்த இடத்துக்குப் போகலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போகலாம். அல்லது குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, "அட, திரும்பி வந்துவிட்டதே! ஏனாக இருக்கும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். முதல் வழியில் குழந்தைக்கு ஒரு விடை கிடைக்கிறது. இரண்டாவதில் ஒன்றும் கிடைப்பதில்லை. மூன்றாவது வழியில் அவளே ஒரு காரணம் சொல்வாள். "பந்துக்குக் களைத்துவிட்டது" என்றுகூடச் சொல்லலாம். அது தவறு என்று திருத்த வேண்டியதில்லை. "அது களைக்காமல் மேட்டைத் தாண்ட நாம் என்ன செய்யலாம்?" என்று கேட்டால் போதும், இன்னும் மேலேயிருந்து விட்டுப் பார்ப்பாள். கவனித்தாள், காரணத்தை ஊகித்தாள், செய்து பார்த்தாள். ஆய்வுக்கூடத்தில் பெரியவர்கள் செய்வதும் இதைத்தான்.

சிறுவர் அருங்காட்சியகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அந்த அரை நிமிட உரையாடல் நடப்பதற்காகவே கட்டப்பட்ட இடம் என்பேன். அங்குள்ள பந்தும் தடமும் நீர்த்தொட்டியும் வண்ணக் குழம்பும் அதற்கான கருவிகள். இதை அறியாத பெற்றோர் அதை ஒரு விளையாட்டுத் திடலாக நினைத்துக் குழந்தையை உள்ளே விட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெற்றோருக்கும் அங்கே வேலை உண்டு என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இத்தகைய இடங்களுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. உலகின் முதல் சிறுவர் அருங்காட்சியகம் 1899இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் திறக்கப்பட்டது. பாஸ்டனில் அறிவியல் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து 1913இல் இன்னொன்றைத் தொடங்கினார்கள். அங்கு 1962இல் இயக்குநராகப் பொறுப்பேற்ற மைக்கேல் ஸ்போக் என்பவர்தான் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தார். குழந்தை வளர்ப்பு நூலால் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ஸ்போக்கின் மகன் இவர். இளம் வயதில் எழுத்துகளைப் படிக்கவே சிரமப்பட்டவர். அதனால்தானோ என்னவோ, பொருளையும் குழந்தையையும் பிரித்து வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிகளை அகற்றுவதில் அவர் அவ்வளவு உறுதியாக இருந்தார். அன்றாடப் பொருட்களின் உட்புறம் எப்படியிருக்கும் என்று காட்டும் ஒரு காட்சியை அமைத்தார். "தொடாதே" என்ற அறிவிப்பு போய், தொட்டால்தான் ஏதாவது நடக்கும் என்ற நிலை வந்தது.

பெற்றோரைப் பொறுத்தவரை, அதே அருங்காட்சியகத்தில் 1978இல் ஜெரி ராபின்சன் உருவாக்கிய 'பிளேஸ்பேஸ்' என்ற பகுதி இன்னும் முக்கியமானது. பள்ளி வயதை எட்டாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் அவர்களைக் கூட்டிவருபவர்களுக்கும் சேர்த்தே அமைக்கப்பட்ட இடம் அது. குழந்தை தவழ்ந்தும் ஏறியும் கொட்டியும் விளையாடும்போது பெரியவர் அருகிலேயே அமர்ந்து அதைப் பார்க்கலாம், மற்றப் பெற்றோரிடம் பேசலாம். தன் குழந்தை என்ன கற்றுக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்க்கப் பெற்றோர் பழகவேண்டும் என்பதும் அதன் நோக்கத்தில் சேர்ந்தது. பின்னர் வந்த பல அருங்காட்சியகங்கள் இதைப் பின்பற்றின.

சரி, பெற்றோர் அருகில் இருப்பதால் உண்மையில் வேறுபாடு உண்டா? கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரிலுள்ள சிறுவர் அருங்காட்சியகத்தில் கெவின் கிரௌலி, மொரீன் கேலனன் முதலிய உளவியல் ஆய்வாளர்கள் இதைத்தான் கவனித்தார்கள். அங்கே 'ஸோட்ரோப்' என்ற பழைய காலப் பொருள் ஒன்று இருந்தது. பக்கவாட்டில் மெல்லிய பிளவுகள் கொண்ட உருளை. உள்ளே வரிசையாகப் படங்கள். சுழற்றிவிட்டுப் பிளவின் வழியாகப் பார்த்தால் படம் ஓடுவது போலத் தெரியும். மேலிருந்து பார்த்தால் வெறும் மங்கலான கோடுதான். பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் அதைச் சுழற்றிய குழந்தைகளைவிடப் பெற்றோருடன் நின்ற குழந்தைகள் அதில் நீண்ட நேரம் நின்றார்கள். பிளவின் வழியாகவும் மேலிருந்தும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிட்டார்கள். பெற்றோர் பாடம் நடத்தியதாக நினைக்கவேண்டாம். அவர்கள் சொன்ன விளக்கங்கள் பெரும்பாலும் ஓரிரு வாக்கியங்கள்தான். குழந்தை எந்தக் கணத்தில் எதைப் பார்த்து நின்றதோ அந்தக் கணத்தில், அதைப் பற்றி மட்டும் சொன்னார்கள். "எனக்கு அறிவியல் தெரியாதே, நான் என்ன சொல்வது?" என்று தயங்கும் பெற்றோர் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இதே ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட இன்னொரு முடிவு என்னை உலுக்கியது. அருங்காட்சியகத்தில் இயல்பாக நடக்கும் குடும்ப உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, பெற்றோர் மகளுக்கு விளக்கியதைப்போல் மூன்று மடங்கு மகனுக்கு அறிவியல் விளக்கம் கொடுத்தது தெரிந்தது. கருவியை எப்படி இயக்குவது என்பதை இருவருக்கும் சமமாகத்தான் சொன்னார்கள். என்ன நிகழ்கிறது என்பதையும் சமமாகவே பேசினார்கள். "ஏன் அப்படி நிகழ்கிறது" என்ற இடம் வந்தபோதுதான் மகள் விடுபட்டுப் போனாள். அந்தப் பெற்றோர் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, கேட்டிருந்தால் மறுத்திருப்பார்கள். பெண்களுக்கு அறிவியலில் ஆர்வம் குறைவு என்று பின்னாளில் பேசுகிறோமே, அந்தக் குறையின் ஒரு பங்கு, பள்ளிக்குப் போகும் முன்பே, அன்புள்ள பெற்றோரின் வாயிலிருந்தே தொடங்கியிருக்கக்கூடும். மகளோடு போகும் ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் இதை அறிந்திருக்கவேண்டும். பந்து ஏன் திரும்பி வந்தது என்பது அவளுக்கும் வேண்டும்.

அந்தக் காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தில் இருக்கும் பந்துக்கு அந்த உயரம்தான் முதலீடு. கீழே இறங்கும்போது அந்த உயரமே வேகம் ஆகிறது. மேட்டில் ஏறும்போது வேகம் மறுபடி உயரமாக மாறுகிறது. வழியெங்கும் தடத்தின் உராய்வு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தம் செய்துகொண்டே வருவதால், புறப்பட்ட உயரத்துக்குப் பந்து ஒருபோதும் திரும்ப ஏற முடியாது. நான்கு வயதுக் குழந்தைக்கு இவ்வளவும் தேவையில்லை. "மேலேயிருந்து விட்டால் வேகமாகப் போகிறது, இல்லையா?" என்பதே அவளுக்கு முழு இயற்பியல்.

ஆனால் எப்போது சொல்வது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர் எலிசபெத் போனவிட்ஸும் அவருடன் பணிபுரிந்தவர்களும் மழலைப் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் ஒரு புதிய பொம்மையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வு இது. அந்தப் பொம்மைக்கு நான்கு வேலைகள் தெரியும். அதில் ஒன்று, ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வருவது. சில குழந்தைகளுக்கு ஆய்வாளர் ஆசிரியரைப்போல அதைச் செய்து காட்டினார். வேறு சிலரிடம், தற்செயலாகக் கைபட்டுச் சத்தம் வந்ததுபோல நடித்தார். செய்து காட்டப்பட்ட குழந்தைகள் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். மற்றவர்கள் பொம்மையைத் திருப்பி, அமுக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, மறைந்திருந்த பிற வேலைகளையும் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். தெரிந்தவர் ஒருவர் ஒன்றை மட்டும் காட்டினால், காட்டவேண்டியது அவ்வளவுதான் என்று குழந்தை முடிவு செய்துவிடுகிறது. குழந்தைகள் அவ்வளவு கூர்மையானவர்கள். ஆகவே முதல் சில நிமிடங்கள் நம் கையைக் கட்டிக்கொள்வது நல்லது. குழந்தை திரும்பி நம்மைப் பார்க்கும்போது பேசத் தொடங்கலாம்.

சொல்லிக் கொடுக்கவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. சிகாகோ சிறுவர் அருங்காட்சியகத்தில் கட்டடம் கட்டும் பகுதியில் நடந்த ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. கட்டத் தொடங்கும் முன் சில குடும்பங்களுக்கு, சதுரச் சட்டத்தின் குறுக்கே ஒரு கட்டையை வைத்து முக்கோணமாக்கினால் அது ஆடாது என்று காட்டினார்கள். சிலருக்கு 'என்ன, ஏன், எப்படி' என்று கேட்டுப் பேசும் முறையைச் சொன்னார்கள். முக்கோணம் தெரிந்தவர்கள் அதைத் தம் கட்டடத்தில் பயன்படுத்தினார்கள். கேள்வி முறை தெரிந்தவர்கள் குழந்தையிடம் அத்தகைய கேள்விகளை அதிகம் கேட்டார்கள். நுழைவாயிலில் சில நிமிடம் சொன்னதற்கே இந்தப் பலன். நல்ல சிறுவர் அருங்காட்சியகங்கள் காட்சிகளின் பக்கத்தில் பெரியவர்களுக்கென்று சிறு குறிப்புகள் வைப்பதும், பணியாளர் ஒருவர் தரையில் உட்கார்ந்து குழந்தையோடு விளையாடிக் காட்டுவதும் இதற்காகத்தான். அந்தப் பணியாளர் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் அவர் பேசுகிறார்.

இனிச் சோப்புக் குமிழி. பந்துத் தடங்களையும் குமிழித் தொட்டிகளையும் பாஸ்டனில் வடிவமைத்தவர் பெர்னி சுப்ராவ்ஸ்கி. எளிய, மலிவான பொருட்களைக் கொண்டு குழந்தைகளை நீண்ட நேரம் சிந்திக்க வைப்பதில் தேர்ந்தவர். அறிவியலும் கலையும் ஒரே தொட்டியில் இருப்பதைக் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. சதுர வடிவக் கம்பியைச் சோப்பு நீரில் தோய்த்து ஊதினால் என்ன வடிவக் குமிழி வரும் என்று குழந்தையிடம் முதலில் கேளுங்கள். "சதுரமாக வரும்" என்று உறுதியாகச் சொல்லும். ஊதினால் உருண்டைதான் வரும். முக்கோணக் கம்பியிலும் உருண்டை, நட்சத்திரத்திலும் உருண்டை. குழந்தை நம்பாமல் பத்து முறை ஊதிப் பார்க்கும், ஊதட்டும். சோப்புப் படலம் தன்னால் முடிந்தவரை சுருங்கப் பார்க்கிறது. உள்ளே அடைபட்ட காற்றை மிகக் குறைந்த பரப்பால் மூட உருண்டை ஒன்றால்தான் முடியும். பரப்பு இழுவிசை என்று பாடநூலில் படித்ததை அப்போது நாமும் முதன்முறையாகப் பார்க்கிறோம்.

ஒரே அளவான இரண்டு குமிழிகள் ஒட்டினால் நடுச்சுவர் தட்டையாக நிற்கும். ஒன்று சிறியதாக இருந்தால் சுவர் பெரிய குமிழியின் பக்கம் புடைக்கும், ஏனென்றால் சிறிய குமிழிக்குள் அழுத்தம் அதிகம். பல குமிழிகள் நெருங்கினால் மூன்று மூன்று சுவர்களாகச் சந்தித்து, தேன்கூட்டை நினைவுபடுத்தும். மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் காணும் அதே நிறங்கள் குமிழியின் மேல் மிதக்கும். படலம் மெலிய மெலிய நிறம் மாறிக்கொண்டே வந்து, உச்சியில் நிறமே அற்றுப்போன இருள் திட்டு தோன்றியதும் உடையும். "எப்போது உடையும் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அப்படி உற்றுப் பார்க்கும் கண் ஓவியனுக்கும் வேண்டும். வீட்டில் ஈரத்தட்டு, பாத்திரம் கழுவும் திரவம், உறிஞ்சு குழல் ஆகியவை இருந்தால் இவ்வளவையும் சமையலறை மேடையிலேயே செய்யலாம்.

கலைப் பகுதியில் பெற்றோர் செய்யும் பிழை வேறு விதமானது. அங்கே நமக்குப் பொருள் வேண்டியிருக்கிறது: வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டக்கூடிய அழகான படம். அதற்காக நாமே தூரிகையை வாங்கிச் சரிசெய்துவிடுகிறோம். நியூயார்க்கில் கலைக்கென்றே 1988இல் ஒரு சிறுவர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. இத்தகைய இடங்களின் அடிப்படை நம்பிக்கை, செய்து முடித்ததைவிடச் செய்யும் செயலே குழந்தைக்கு முக்கியம் என்பது. மூன்று வயதுக் குழந்தை எல்லா வண்ணத்தையும் கலந்து சேற்று நிறமாக்கிவிட்டால் நமக்கு ஏமாற்றம். அதற்கோ பெரிய கண்டுபிடிப்பு. "இது என்ன, யானையா?" என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இந்தப் பச்சையை எப்படிக் கொண்டு வந்தாய்?" என்றால் முழுக் கதையும் வரும். களிமண்ணில் யானை செய்யும்போது கால் மெல்லியதாக இருந்தால் உடல் சரிந்துவிடும். கால் ஏன் தடிமனாக இருக்கவேண்டும் என்பதைக் குழந்தையின் விரல்கள் அப்போது அறிந்துகொள்கின்றன. பிட்ஸ்பர்க் சிறுவர் அருங்காட்சியகம் 2011இல் திறந்த 'மேக்‌ஷாப்' பட்டறையில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோய், குழந்தைகளின் கையில் பொம்மைக் கருவிகளுக்குப் பதிலாக உண்மையான கருவிகளையே கொடுத்தார்கள். பெரியவர் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அங்கே அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்தில் இருக்கும், பணியாளரும் ஆங்கிலத்தில் பேசுவார். அதனால் நாமும் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் பேச முயல்கிறோம். வேண்டாம். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசினால்தான் "ஏன்" என்பதை நீங்கள் இயல்பாகச் சொல்ல முடியும். நீர் விளையாட்டுத் தொட்டியருகே நின்றுகொண்டு தமிழ் வினைச்சொற்களை நினைத்துப் பாருங்கள்: சொட்டுகிறது, கசிகிறது, வழிகிறது, தெறிக்கிறது, பீச்சுகிறது, தேங்குகிறது, ததும்புகிறது, வடிகிறது, சுழிக்கிறது. ஒவ்வொன்றும் தண்ணீரின் ஒவ்வொரு நடத்தை. 'கசிகிறது' என்பதற்கும் 'வழிகிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் உணர்ந்த குழந்தை ஒரு சொல்லையும் கற்கிறது, ஓர் உண்மையையும் கற்கிறது. தாத்தா பாட்டி உடன் வந்தால் இன்னும் நல்லது. கிணற்று நீரை இறைக்கும் சால், ஏற்றம், ஏரி நீரைத் திறந்துவிடும் மதகு என்று அவர்களிடம் நம்மிடம் இல்லாத சொற்கள் இருக்கின்றன.

நுழைவுக் கட்டணம் பல குடும்பங்களுக்குத் தடையாக இருப்பது உண்மை. அமெரிக்காவில் அரசின் உணவு உதவி அட்டை வைத்திருப்போருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அனுமதி தரும் 'மியூசியம்ஸ் ஃபார் ஆல்' திட்டம் 2014இல் தொடங்கியது. பல பொது நூலகங்கள் அருங்காட்சியக அனுமதிச் சீட்டைப் புத்தகத்தைப்போல இரவல் தருகின்றன. அடிக்கடி போக முடிந்தால் ஆண்டு உறுப்பினராவது நல்லது. அது பணத்துக்காக மட்டுமில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடவேண்டும் என்ற அவசரம் போய்விடும். குழந்தை ஒரு மணி நேரம் பந்துத் தடத்தை விட்டு அசையவில்லையென்றால் அந்த ஒரு மணி நேரத்தை அதற்குக் கொடுக்க முடியும்.

தொட்டு விளையாடும் கூடம் அருகில் இல்லாத ஊரிலும் இந்த முறையைக் கையாளலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். தொட முடியாது. ஆனால் எதிரே நின்று, "அவரைப்போல ஒரு காலில் நிற்க முடியுமா?" என்று குழந்தையிடம் கேட்கலாம். வலது கால் கீழே, இடது கால் குறுக்கே தூக்கி, கைகள் விரித்து. குழந்தை தடுமாறும், சிரிக்கும், மறுபடி நிற்கும். கைகளை மடக்கிக்கொண்டு ஒரு முறை, விரித்துக்கொண்டு ஒரு முறை நின்று பார்க்கச் சொல்லுங்கள். எது எளிது? தூக்கிய கால் ஒரு பக்கம் போனால் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது? கீழே விழாமல் இருக்க அந்தச் சிற்பி என்ன செய்திருக்கிறார்? குழந்தை இப்போது சிலையின் இடுப்பைப் பார்க்கும், ஊன்றிய காலைப் பார்க்கும், பிறகு தன் காலைப் பார்க்கும். நீங்களும் பக்கத்தில் ஒரு காலில் நில்லுங்கள்.